எட்டுக் கால், இரண்டு வேதம், ஒரே மரம்

விடுகதை ஒன்று போடுகிறேன், அவசரப்படாமல் கேளுங்கள். எட்டுக் கால், நாலு கொம்பு, இரண்டு வேதம், ஒரே மரம். அது என்ன?

சிலந்தி என்று சொல்கிறவர்கள் காலை மட்டும் எண்ணியவர்கள். சிலந்திக்குக் கொம்பு கிடையாது, அது எந்த வேதத்துக்கும் நோன்பு இருப்பதில்லை. விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். இது அகாம்பா என்ற ஊரில் பிறந்த விடுகதை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே விடை தெரிந்திருந்தது, ஏனென்றால் விடை தினமும் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், அபிசீனியாவின் குளிர்ந்த மேட்டுநிலம் முடிந்து கடலை நோக்கிய சூடான சமவெளி தொடங்குகிற சரிவில், அகாம்பா இருந்தது. மேலத் தெருவில் சிலுவை வைத்த வட்டமான கோயில், கீழத் தெருவில் சுண்ணாம்பு அடித்த சிறிய பள்ளிவாசல், நடுவில் சந்தை. மேட்டில் ஆண்ட கிறிஸ்தவ அரசருக்கும் சமவெளியில் ஆண்ட முஸ்லிம் அமீருக்கும் அவர்களுடைய பாட்டன் காலத்திலிருந்தே போர் நடந்துகொண்டிருந்தது. ஆனால் உப்பு கீழேயிருந்து ஏற வேண்டும், தானியம் மேலேயிருந்து இறங்க வேண்டும். ஆகையால் அகாம்பாச் சந்தையில் மட்டும் யாரும் யார்மேலும் ஈட்டி தூக்குவதில்லை என்று இரண்டு பக்கமும் வழக்கம் வைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் இரண்டு உழவு மாடு வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. ஒற்றை மாட்டைக் கட்டி ஏர் ஓட்ட முடியாது, எனவே ஒரு மாடு உள்ள வீடு இன்னொரு ஒற்றை மாட்டு வீட்டைத் தேடிப் போகும், இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி இன்று இந்த வயல் நாளை அந்த வயல் என்று உழுவார்கள். கூட்டுச் சேரும்போது கழுத்தின் உயரத்தைத்தான் பார்ப்பார்கள், வேதத்தைப் பார்ப்பதில்லை. மேலத் தெருத் தெக்லேயின் மாடு மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில் இருந்ததால் அதற்கு மேகம் என்று பெயர். கீழத் தெரு உமர்தீனின் மாடு செவலை. இரண்டும் ஒரே உயரம். இப்போது விடுகதைக்கு விடை தெரிந்திருக்கும்.

ஏர் ஒன்றானாலும் சட்டி இரண்டு. கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் தொட மாட்டார், முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர் தொட மாட்டார். சந்தையின் ஓரத்தில் இரண்டு அறுப்புக் கற்கள் கிடந்தன. ஒன்றில் ஆட்டின் தலையைக் கிழக்கே திருப்பிப் பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்பார்கள், மற்றதில் மக்காவை நோக்கித் திருப்பி பிஸ்மில்லாஹ் என்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் ஆட்டை வளர்த்த வீட்டுக்காரர், வேறு யாரும் இல்லை. வார்த்தை சொல்லாமல் ஒரு கோழியைக்கூட அந்த ஊரில் யாரும் கொன்றதில்லை. சாவுக்குக் கண் கிடையாது, கூப்பிடுகிற குரலைப் பிடித்துக்கொண்டுதான் அது வந்து சேரும் என்று மேலத் தெருவும் நம்பியது, கீழத் தெருவும் நம்பியது. அதைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

தெக்லேயின் மகள் பெயர் திரிங்கோ. அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா, மகள் நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள், ஆகையால் அப்பா, மகள், மாடு என்று மூவர்தான் வீடு. அந்த நாட்டில் எல்லாரும் ஒரே தட்டில் அப்பம் பிய்த்துச் சாப்பிடுவார்கள், முதல் கவளத்தைத் தன் வாயில் போடாமல் பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டுவார்கள். திரிங்கோ பிறந்தது முதல் அவளுடைய முதல் கவளம் அப்பாவின் கையிலிருந்துதான் வந்தது.

உழவு நாட்களில் வயல் வரப்பில் உட்கார்ந்து தெக்லேயும் உமர்தீனும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருப்பார்கள்.

"வருஷத்துல பாதி நாள் உங்க ஆளுங்களுக்கு நோன்பு. உன் மாடு உன்னைவிட நல்லா சாப்பிடுது, தெக்லே."

"நீங்க பகல்ல பட்டினி இருந்துட்டு ராத்திரி மூணு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவீங்க. அதுக்குப் பேரு நோன்பா? பசியைச் சேர்த்துவெச்சுச் சாப்பிடறது."

"பொறாமைப்படாதே. பெருநாளைக்குப் பருப்பு அனுப்பறேன். பருப்புக்கு வேதம் கிடையாது."

இப்படி இருக்கும்போது, எந்தப் போரிலும் முழுதாக ஜெயிக்க முடியாத அரசர், கடலுக்கு அப்பால் தன் வேதக்காரர்களிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினார், பறங்கியர் வந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அமீர் தன் வேதக்காரர்களிடம் ஆள் அனுப்பினார், துருக்கியர் வந்தார்கள். அவர்கள் ஒரு கடலிலிருந்து, இவர்கள் இன்னொரு கடலிலிருந்து. இரண்டு கூட்டத்தாரும் துப்பாக்கி கொண்டுவந்தார்கள், வெடிமருந்து கொண்டுவந்தார்கள், புகைந்துகொண்டே இருக்கிற திரிக்கயிறு கொண்டுவந்தார்கள். சாப்பாடு மட்டும் கொண்டுவரவில்லை. உதவிக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது உதவி கேட்டவர்களின் கடமை என்று அரசரும் சொன்னார், அமீரும் சொன்னார், அரசரும் அமீரும் அகாம்பாவைச் சொன்னார்கள்.

மேலத் தெருவில் வீட்டுக்கு ஒரு பறங்கி, கீழத் தெருவில் வீட்டுக்கு ஒரு துருக்கியர். தெக்லேயின் வீட்டுக்கு வந்தவன் பெயர் தியோகு. வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, சிவப்புத் தாடிக்காரன். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வான், கண்ணைத் திறந்த பிறகு தட்டில் எதுவும் மிச்சம் வைக்க மாட்டான். உமர்தீனின் வீட்டுக்கு வந்தவன் ரெஜெப். அவன் பாட்டுக்காரன், அவனோடு மூன்று கோவேறு கழுதைகளும் வந்தன. இருவரும் கெட்டவர்கள் இல்லை. இருவரும் அந்தந்த வீட்டின் நல்ல கட்டிலில் படுத்தார்கள்.

அரசரின் அதிகாரி ஒருநாள் மேலத் தெருக்காரர்களைக் களத்துமேட்டுக்கு வரச் சொன்னார், வந்திருக்கும் உதவி எப்படிப்பட்டது என்று ஊர் பார்க்கட்டும் என்றார். எதைச் சுட்டுக் காட்டுவது என்று பேச்சு வந்தபோது, வரப்பில் கட்டியிருந்த மேகத்தைக் கை காட்டினார். எப்படியும் விருந்தாளிகளுக்குக் கறி வேண்டுமே.

தெக்லே போர்வையை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு அதிகாரியின் முன்னால் குனிந்தார். "ஐயா, அது மாடு இல்லீங்க, அரை ஏர். மத்த அரை கீழத் தெருவுல நிக்குது."

"கடலுக்கு அப்பாலிருந்து நம்ம வேதத்தைக் காப்பாத்த வந்திருக்காங்க. நீ ஒரு மாட்டுக்கு அழறியா?"

"வேதத்துக்கு மாடு என்னங்க ஐயா பண்ணிச்சு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தியோகு திரியை ஊதினான், சிலுவை போட்டுக்கொண்டான், சுட்டான். மலையிலிருந்த குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. புகை கலைய நேரமாயிற்று. கலைந்தபோது மேகம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அசைபோடுவதை மட்டும் நிறுத்தியிருந்தது. அதன் விலாவில் ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துக் கோயில் சுவர் தெரிந்தது. ரத்தம் வரவில்லை.

குருவானவரை அழைத்துவந்து காட்டினார்கள். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கத்தி இல்லை, பெயர் சொல்லவும் இல்லை. இது அறுத்ததும் இல்லை, செத்ததும் இல்லை. நான் இதுக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை" என்றார். சத்தம் கேட்டு மேலே ஏறிவந்த பள்ளிவாசல் மோதினாரும் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "எங்க சட்டத்துலயும் இதுக்கு இடம் இல்லை" என்றார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை ஊர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது, அதைத்தான் அன்று சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தது. சாகாத மாட்டைத் தின்ன முடியாது என்பதால் தெக்லே தன் செம்மறி ஆட்டை அறுப்புக் கல்லுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல உமர்தீன் செவலையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"உன் மாட்டுக்கு என்ன ஆச்சு?"

"ஓட்டை."

"நடக்குமா?"

"நடக்குது."

"அப்புறம் என்ன, பூட்டு."

பூட்டினார்கள். மேகம் உழுதது. முன்னைவிட நன்றாக உழுதது. அது புல் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, உச்சி வெயிலில் நிழலைப் பார்த்துத் தலையைத் திருப்பவில்லை. ஈக்கள் அதன்மேல் உட்காரவில்லை, ஆகையால் அது வாலை ஆட்டவும் இல்லை. பிள்ளைகள் முதலில் ஓட்டைக்குள் புல்லைத் திணித்தார்கள், பிறகு ஒரு பக்கத்திலிருந்து கல்லைப் போட்டு மறுபக்கத்தில் பிடித்து விளையாடினார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். தூக்கணாங்குருவி ஒன்று வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கூடு கட்டாமல் போய்விட்டது. விடுகதை மட்டும் மாறியது. எட்டுக் கால், நாலு கொம்பு, இரண்டு வேதம், ஒரு ஓட்டை என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள்.

திரிங்கோ மட்டும் சாயங்காலங்களில் மேகத்தின் கழுத்தில் காதை வைத்துப் பார்த்தாள். முன்பு அங்கே பெரிய வயிறு ஒன்று ஆலைபோல இரைந்துகொண்டிருக்கும். இப்போது காற்று மட்டும் ஊதியது.

உதவிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கழுதைகள் வைக்கோற்போரைத் தின்றன, அது தீர்ந்ததும் கூரையைத் தின்றன. செவலை மெலிந்தது. ஓட்டை விழுந்த மேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நடுவயலில் முட்டி போட்டது. அப்போது உமர்தீன் ஒரு வேலை செய்தார், அதை யாரும் தவறு என்று அன்று சொல்லவில்லை. செவலையை வீட்டுக்கு ஓட்டிப்போய், ரெஜெப்பிடம் கெஞ்சி, கொல்லையில் நிறுத்திச் சுடச் சொன்னார். அவர் மனைவி ஹவா சமையல் கட்டிலிருந்து ஓடி வருவதற்குள் புகை வந்துவிட்டது.

"இது என்ன கூத்து?"

"இனிமே தீனி போட வேண்டாம், ஹவா. அந்தத் தீனியை நாம சாப்பிடலாம்."

"வைக்கோலையா?"

அடுத்த சந்தைக்குள் ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு வரிசையில் நின்றது, மேலத் தெரு தியோகுவிடம், கீழத் தெரு ரெஜெப்பிடம். துப்பாக்கிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு ஒரு கோழிக்கு ஒரு மாடு என்று சுட்டார்கள். அந்த வருடம் போல அகாம்பா எந்த வருடமும் உழுததில்லை. யாரும் தொடாத பாறைச் சரிவைக்கூட உழுதார்கள். மாடுகள் சாணி போடவில்லை, ஆகையால் அடுப்புக்கு வறட்டி இல்லை. சுடப்பட்ட பசுக்கள் கன்று போடவில்லை, பால் இல்லை. அதெல்லாம் அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். விதைத்தார்கள், மழை பெய்தது, பயிர் ஆள் உயரத்துக்கு எழுந்து பொன்னாகச் சாய்ந்தது.

முதலில் வந்து சொன்னவை குரங்குகள். எல்லா வருடமும் கதிர் முற்றும் நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வரும், பிள்ளைகள் கவணில் கல் வைத்து விரட்டுவார்கள். அந்த வருடம் இறங்கிவந்து ஒரு கதிரை உருவி வாயில் போட்டன, மென்றன, துப்பின. யாரும் விரட்டாமலே மலைக்குத் திரும்பிப் போய்ப் பாறைகளில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் உமர்தீன் ஒரு கதிரைக் கசக்கி ஊதிப் பார்த்தார். எல்லாம் பறந்தது. உமி மட்டும்தான், உள்ளே ஒன்றும் இல்லை. ஓட்டை மாடு உழுத நிலத்தில் எல்லாக் கதிரும் அப்படித்தான் இருந்தது, சரிவு முழுக்க, மேலும் கீழும்.

அன்று ஹவா கொட்டிலுக்குப் போனாள். செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவள் அவள். அதன் தலையை மக்காவை நோக்கித் திருப்பி, கத்தி இல்லாமல், கோபத்தில், பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொன்னாள். செவலை முன்னங்கால்களை மடக்கியது, பின்னங்கால்களை மடக்கியது, ஒரு வருடத்து மூச்சை ஒரே மூச்சாக வெளியே விட்டது, செத்துப்போனது. அதைக் கேட்ட தெக்லே மேகத்தைக் கிழக்கே திருப்பினார். திரிங்கோ அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற வீடுகளிலும் மாடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. தோலுக்கும் உதவாது என்று எல்லாவற்றையும் சந்தைக்குப் பின்னால் புதைத்தார்கள்.

அகாம்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் மேட்டுக்கும் சமவெளிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கதிர் உமியாகப் போனது யாருடைய காதிலும் விழவில்லை. சாப்பாடு கேட்காமல் உழைக்கிறது என்பது மட்டும் விழுந்தது. அரசருக்கும் பசித்த படை இருந்தது, அமீருக்கும் பசித்த படை இருந்தது, உதவிக்கு வந்தவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்தை நாளில் அரசரின் அதிகாரி மேலத் தெருவிலும் அமீரின் அதிகாரி கீழத் தெருவிலும் நின்று பறையறைந்து சொன்னார்கள், பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே மாதிரி சொன்னார்கள். ஓட்டை போட்டுக்கொண்டு படைக்குப் போக ஒரு ஆளைத் தரும் வீட்டில் இனி விருந்தாளி இருக்க மாட்டார். ஓட்டை போட்டுக்கொண்டவர் மேல் யாராவது அறுப்பு வார்த்தையைச் சொன்னால், சொன்னவரின் வீடு எரியும்.

உழவு இல்லாத வயலின் வரப்பில், சும்மா கிடந்த நுகத்தின் மேல் தெக்லேயும் உமர்தீனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எப்போ?" என்று உமர்தீன் கேட்டார்.

"ஞாயிறு கழிச்சு. நீ?"

"வெள்ளி தொழுதுட்டு."

"அங்க எதிர்ல நீ நின்னா?"

"நின்னா என்ன? ஏற்கெனவே ஓட்டை. இன்னொண்ணு போட உன் உடம்புல இடம் எங்கே இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். திரிங்கோ சிரிக்கவில்லை.

"அப்பா, போகாதே."

"தியோகு போயிட்டா நீ ரெண்டு வேளை சாப்பிடுவே."

"எனக்கு ஒரு வேளை போதும்."

"மேகத்துக்கு வலிச்ச மாதிரி தெரியலையேம்மா. போயிட்டு நடந்தே திரும்பி வருவேன். மேகம் எங்கேயாவது ஓடிப்போச்சா?"

களத்துமேட்டில் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். தனக்கு ஒரு வருடம் சாப்பாடு போட்ட மனிதர் முன்னால் வந்து நின்றபோது தியோகு திரியை இரண்டு தடவை ஊதினான். அவன் சிலுவை போட்டுக்கொண்டான், ஏதோ சொன்னான், அது அவன் மொழியில் இருந்ததால் சாவுக்குக் கேட்கவில்லை. கீழத் தெருவில் உமர்தீனைச் சுட்ட நாளில் ரெஜெப் பாடவில்லை. தியோகு சொன்னபடி தெக்லேயின் வீட்டிலிருந்து போனான். அடுத்த வாரம் அந்தக் கட்டிலுக்கு வேறொரு பறங்கி வந்தான், அவனுக்கு அந்த வாக்கைப் பற்றித் தெரியாது. திரிங்கோ கீழத் தெருவுக்கு இறங்கிப் போய் ஹவாவோடு இருந்தாள். ஹவா அவளுக்காகக் கறி சேர்க்காமல் பருப்பு மட்டும் சமைத்தாள், பருப்பும் இல்லாத நாட்களில் காட்டுக் கீரை.

போர் எப்படி நடந்தது என்று உப்பு வியாபாரிகள் சொன்னார்கள். ஓட்டை விழுந்தவர்கள் இந்தப் பக்கமும் ஓட்டை விழுந்தவர்கள் அந்தப் பக்கமும் சமவெளியில் எதிரெதிராக நின்றார்கள். உதவிக்கு வந்தவர்கள் பின்னால் நின்று சுட்டார்கள். யாரும் விழவில்லை. மருந்து தீரும்வரை சுட்டார்கள், தீர்ந்த பிறகும் யாரும் விழாததால் இரண்டு பக்கமும் வெற்றி என்று அறிவித்தார்கள். வெற்றிக்குக் கைம்மாறாகப் பறங்கியருக்கு மேட்டில் ஆற்றோர வயல்கள் கிடைத்தன, துருக்கியருக்கு உப்புச் சாலையின் சுங்கம் கிடைத்தது. தியோகு அங்கே வீடு கட்டிக்கொண்டான், ரெஜெப் அங்கே சாவடி போட்டுக்கொண்டான். ஓட்டை விழுந்தவர்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, ஆகவே அவர்கள் திரும்பி நடந்தார்கள்.

மழைக்கு முந்திய வெயிலில் அவர்கள் அகாம்பாவுக்கு வந்தார்கள். மேலத் தெருக்காரர்கள் மேலத் தெருவுக்குப் போனார்கள், கீழத் தெருக்காரர்கள் கீழத் தெருவுக்குப் போனார்கள், ஒருவரும் வழி தவறவில்லை. தெக்லே தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். நெஞ்சில் இருந்த ஓட்டை வழியாகப் பின்னாலிருந்த கதவு தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை, தொட்டால் பார்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளை வந்ததும் அவருடைய வலதுகை எழுந்தது, இல்லாத தட்டில் இல்லாத அப்பத்தைப் பிய்த்தது, திரிங்கோவின் வாய் இருக்கும் உயரத்துக்கு வந்து நின்றது. ஏறிவந்து பார்த்த திரிங்கோ முதல் நாள் ஓடிப்போய்விட்டாள். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அதன் பிறகு ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

அதிகாரி கழுதைமேல் வந்து வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். "பத்திரமா வெச்சிருங்க. மழை ஓய்ஞ்சதும் மறுபடி கூப்பிடுவோம். ஆணை ஞாபகம் இருக்கட்டும்."

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று சிலர் அவர்களை உள்ளே உட்காரவைத்தார்கள். சிலர் ஓட்டையில் துணி வைத்து மூடிப் போர்வை போர்த்தினார்கள். கல்யாணங்களில் அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், ஓட்டை இல்லாத ஆண்கள் அதிகம் மிஞ்சவில்லை.

ஹவாவிடம் ஒரு சுரைக்குடுவை இருந்தது. ஓட்டை மாடுகளின் வருடத்துக்கு முன்பு விளைந்த விதையை, ரெஜெப்பின் கழுதைகளுக்குத் தெரியாமல் மாவு அரைக்கும் கல்லுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். வானம் கறுத்த நாளில் குடுவையை எடுத்துக்கொண்டு திரிங்கோவோடு வயலுக்குப் போனாள். அங்கே அவர்களுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். தெக்லே மேலத் தெருவிலிருந்து இறங்கி வந்திருந்தார், உமர்தீன் கீழத் தெருவிலிருந்து ஏறி வந்திருந்தார். யாரும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், நுகத்தின் மேல்பக்கத்தில் தெக்லேயும் கீழ்ப்பக்கத்தில் உமர்தீனும், மேகமும் செவலையும் நின்ற இடங்களில், கழுத்தைக் கொடுத்து நடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் கலப்பை மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

திரிங்கோ நுகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஹவாவும் சேர்ந்து இழுத்தாள். அசையவில்லை. அவர்கள் உழுதுகொண்டே போனார்கள்.

"இவங்க உழுதா உமிதான்" என்றாள் ஹவா. "இந்த விதை போச்சுன்னா வேற விதை கிடையாது."

"விலகச் சொல்லுங்க, அத்தை."

"சொன்னா கேக்கிற காது இல்லைம்மா. ஒரு வார்த்தைதான் கேக்கும்." அவள் வரப்பில் உட்கார்ந்து குடுவையை மடியில் வைத்துக்கொண்டாள். "என் ஆளுக்கு நான் சொல்லணும், உன் ஆளுக்கு நீ சொல்லணும். ஒருத்தருக்கு மட்டும் சொன்னா நுகம் கழண்டு வராது. நீ சொன்னா நானும் சொல்றேன். நீ வேணாம்னா நானும் சொல்லல, விதையை வறுத்துச் சாப்பிட்டுடலாம், இவங்க இப்படியே இருக்கட்டும். உன்மேல எனக்குக் கோபம் வராது."

"வீட்டை எரிப்பாங்களா?"

"எரிப்பாங்க."

"சொன்ன பிறகு அப்பா கை எழும்புமா?"

"எழும்பாது, கண்ணு."

முதல் துளிகள் விழுந்தன. வேளை வந்துவிட்டது போலிருக்கிறது, தெக்லே நின்றார், அவர் நின்றதால் உமர்தீனும் நின்றார். தெக்லேயின் வலதுகை நுகத்துக்கு மேலாக எழுந்து, காற்றில் பிய்த்து, திரிங்கோவின் வாய் உயரத்துக்கு வந்தது.

திரிங்கோ வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அப்பாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கிழக்கே திருப்பி, வார்த்தையைச் சொன்னாள். ஹவா தன் வார்த்தையைச் சொன்னாள். அவர்களை வரப்புக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்துப் போர்வையால் மூடினார்கள். கலப்பையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று திரிங்கோ கேட்டாள், மோதினார் பிடிக்காவிட்டால் குருவானவர் பிடிக்கட்டும் என்று ஹவா சொன்னாள். ஹவா நுகத்தின் கீழ்ப்பக்கத்துக்குப் போனாள். திரிங்கோ மேல்பக்கத்தில் கழுத்தை வைத்தாள்.